கடைக் காசில் வாங்கிய காணி யாருக்குச் சொந்தம்?

பொல்பிட்டிய, கினிகத்தேனைப் பக்கத்துக் கடைவீதியில் இப்படி நடந்ததாக வைத்துக்கொள்வோம். ஒருவரும் அவர் மச்சானும் சேர்ந்து பலசரக்குக் கடை நடத்துகிறார்கள். கடை லாபத்தில் பின்பக்கத்துக் காணியை வாங்குகிறார்கள். உறுதி மூத்தவர் பெயரில் மட்டும். அவர் கண்ணை மூடியதும் பிள்ளைகள் உறுதியோடு வந்து நிற்கிறார்கள். மச்சான் கையில் இருப்பது எண்ணெய்க் கறை படிந்த கணக்குக் கொப்பி.

பங்காளிகள் விடயத்தில் இலங்கை பின்பற்றுவது ஆங்கிலச் சட்டம். வியாபாரப் பணத்தில் வாங்கிய சொத்து, வேறு எண்ணம் தெரியாதவரை, வியாபாரத்துக்கே உரியது என்கிறது 1890ஆம் ஆண்டின் பங்குடைமைச் சட்டம். ஆனால் அந்தப் பங்குடைமையை முதலில் நிரூபிக்க வேண்டுமே! முதலீடு ஆயிரம் ரூபாயைத் தாண்டினால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புச் சட்டம். இன்று எந்தப் பெட்டிக்கடையின் முதலீடு ஆயிரத்துக்குள் அடங்கும்? வாய்ப்பேச்சை நம்பி உழைத்தவனை இந்த வரம்பு அநியாயமாக வெளியே தள்ளுகிறது.

மச்சானுக்கு எஞ்சும் வழி 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புச் சட்டம். விலையை ஒருவர் கொடுத்து, உறுதி இன்னொருவர் பெயரில் இருந்தால், அன்பளிப்பாகக் கொடுக்கவில்லை என்று தெரியும்போது, பெயருக்குரியவர் அதைப் பணம் கொடுத்தவருக்காகவே வைத்திருப்பவர் என்கிறது அதன் 84ஆம் பிரிவு. வள்ளியம்மை ஆச்சிக்கும் அப்துல் மஜீதுக்கும் இடையிலான வழக்கில், ஒரு செட்டியார் பெயருக்கு எழுதிய சொத்தைத் திருப்பித் தருவதாக அவர் சொன்ன வாய்ச்சொல்லையும் நிரூபிக்கலாம் என்று 1947இல் அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் ஏற்றது. மோசடிக்குச் சட்டமே கேடயமாகக் கூடாது என்பதே அதன் அடிப்படை.

மலையகத்தில் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு முகமும் உண்டு. 1948இல் குடியுரிமை இழந்தவர்கள் மீது, 1963ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் காணி வாங்கினால் அதன் பெறுமதி முழுவதையும் வரியாகச் சுமத்தியது. பிரஜாவுரிமை உள்ள உறவினரின் பெயரைத் தேடியவனைப் பேராசைக்காரன் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் வரியைத் தவிர்க்கவே பெயர் மாற்றப்பட்டது என்று எதிர்த்தரப்பு வாதிட்டால் அவன் நிலை பலவீனம்தான். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியவர்களைச் சாட்சிக்கு எங்கே தேடுவது?

இன்று குடியுரிமையோடு காணி வாங்குகிறவர்களுக்கு அந்த வரித் தடை இல்லை. விலைப் பணம் எப்படிக் கைமாறியது என்பதை நொத்தாரிசு உறுதியின் அத்தாட்சியில் எழுதவே வேண்டும். ஆகவே பணத்தைக் கையில் கொடுக்காமல், கடைக் கணக்குக் காசோலையால் செலுத்தி, அதன் இலக்கத்தை அங்கே எழுதச் சொல்லுங்கள். பங்காளிகள் எல்லோரின் பெயரையும் உறுதியிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.