மண்ணில்லாப் பயிர் வளர்ப்பு

புதுச்சேரிப் பிரதேசத்தின் விவசாய இலாகா அலுவலகம் தட்டாஞ்சாவடியில் அமைந்துள்ளது. அதைச் சூழ்ந்து இன்று காணப்படுபவை தொழிற்பேட்டையும் குடியிருப்புகளுமே. நகரம் விரியுந்தோறும் விளைநிலம் குறைகிறது. கடலோரக் கிணறுகள் சிலவற்றில் உவரும் ஏறியுள்ளது. இத்தகைய இடத்தில், மண்ணின்றியே பயிரிடலாம் என்ற செய்தி குடியானவர்களின் மனத்தைக் கவர்வது இயல்பே. ஆயினும், அதில் பணத்தைப் போடுமுன் அம்முறையின் தத்துவத்தையும் எல்லையையும் அறிந்துகொள்ளுதல் அவசியம்.

மண் செய்யும் வேலை

மண் செடிக்கு நான்கு உதவிகளைச் செய்கிறது. அதைத் தாங்கி நிறுத்துகிறது. ஜலத்தைச் சேமித்துக் கொடுக்கிறது. வேர் சுவாசிக்கக் காற்றுக்கு இடமளிக்கிறது. தாது உப்புக்களை வழங்குகிறது. செடிக்கு இன்றியமையாத மூலகங்கள் 17. அவற்றுள் மூன்று காற்றிலிருந்தும் ஜலத்திலிருந்தும் கிடைப்பன. தழை, மணி, சாம்பல் சத்துக்கள் முதலான ஏனைய 14-ம் வேரின் வழியே செல்வன. இந்நான்கு உதவிகளையும் வேறு விதமாகச் செய்து கொடுத்தால் மண் வேண்டுவதில்லை. ஆனால் மண் தானாகச் செய்துவந்த வேலை முழுவதும் அப்போது வளர்ப்பவரின் பொறுப்பாகிறது. உரம் மிகுந்தாலும் குறைந்தாலும் களிமண்ணும் மக்கும் அதை ஓரளவு தாங்கிக்கொள்ளும். தொட்டிப் பயிருக்கு அந்தக் காப்பு இல்லை.

முறை வளர்ந்த விதம்

1860-ஆம் ஆண்டை ஒட்டி ஸாக்ஸ், க்னோப் என்னும் ஜெர்மானிய சாஸ்திரிகள் உப்புக் கரைசலிலேயே செடிகளை வளர்த்துக் காட்டினர். கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த கெரிக் என்பவர் 1929-ல் இதை வியாபாரப் பயிருக்கும் கையாளலாம் என்று எடுத்துக்கூறினார். 1937-ல் அவர் இதற்கு ஹைட்ரோபோனிக்ஸ் என்று பெயரிட்டார். இதைப்பற்றி அளவு மீறிய நம்பிக்கை பரவவே, அதே சர்வகலாசாலையின் ஹோக்லண்டும் ஆர்னனும் தீர ஆராய்ந்து 1938-ல் தம் முடிவை வெளியிட்டனர். நல்ல மண்ணில் நன்கு பராமரித்த பயிரைவிடக் கரைசலில் வளர்ந்த பயிர் பெரிதும் மிகுதியாக விளைவதில்லை என்பதே அம்முடிவு. நல்ல நிலம் உடையோர் இதை மறத்தலாகாது.

வங்காள முறை

இந்தியாவில் இம்முறைக்கு ஏற்ற எளிய வடிவத்தை 1946 முதல் வங்காளத்தின் காலிம்பாங்கில் ஷோல்ட்டோ டக்ளஸ் என்பவர் உருவாக்கினார். அதில் பம்பும் யந்திரமும் இல்லை. ஆழம் குறைந்த தொட்டியில் கல்துண்டுகளையும் பாறைத் தூளையும் நிரப்பிச் செடியை நடுவர். உப்புக் கலவையைச் செடிகளுக்கு இடையே உலர்ந்தபடியே தூவி, அதன்மேல் ஜலம் தெளிப்பர். பம்பினால் கரைசலை ஓடவிடும் முறைகளில் மின்சாரம் சில மணி நேரம் நின்றாலும் வேர் காயும். கல்லும் தூளும் ஈரத்தைப் பிடித்து வைப்பதால், கிராமங்களுக்கு வங்காள முறையே அபாயம் குறைந்தது.

தொட்டி அமைத்தல்

தொட்டியைச் செங்கல்லாலும் சிமெண்டாலும் கட்டலாம். புதுச் சிமெண்டில் சுண்ணாம்புக் காரம் உண்டாகையால், பலமுறை ஜலம் நிரப்பி இறைத்த பின்னரே நட வேண்டும். அடியில் வடிகால் துவாரம் அவசியம். தேங்கிய ஜலத்தில் வேர் காற்றின்றி அழுகும். கடற்கரை மணல் கூடாது. அதில் உப்பும் கிளிஞ்சல் தூளும் உண்டு. சந்தேகமான மணலில் சிறிது காடியை ஊற்றினால், சுண்ணாம்பு கலந்திருப்பின் நுரைக்கும். கருங்கல் ஜல்லியும் அதன் தூளும் நன்கு கழுவி உபயோகிக்கத் தக்கவை. தென்னை நார்க்கழிவு சேர்ப்போர் அதன் உப்பு நீங்கும்வரை அலச வேண்டும். வேரைச் சூழ்ந்த ஈரத்தின் அமில கார அளவு 5.5 முதல் 6.5 வரை இருத்தல் நலம். கரைசல் வைத்திருக்கும் பாத்திரங்களை மூடி வைக்காவிடில் பாசி படியும், கொசுவும் பெருகும்.

ஜலமே முதற் பரீட்சை

மண் உவரான இடத்திற்கு இம்முறை உதவும். கிணற்று ஜலமே உவரான இடத்திற்கு உதவாது. செடி ஜலத்தை உறிஞ்சி ஆவியாக விடுகிறது. கறியுப்பு பெரும்பாலும் தொட்டியிலேயே தங்கி நாளுக்கு நாள் மிகுகிறது. ஆகையால் தொட்டி கட்டுமுன் ஜலத்தைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்புதல் வேண்டும். ஜலம் உவரெனத் தெரிந்தால் மழை ஜலத்தைச் சேமிப்பதே வழி. 100 சதுர மீட்டர் கூரைமேல் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர் விழும். ஐப்பசி, கார்த்திகை மழையை இதற்குப் பயன்படுத்தலாம்.

மாட்டுத் தீவனம்

தட்டுகளில் மக்காச்சோளம் முளைக்கவைத்துத் தீவனம் எடுப்பதும் இவ்வகையே. ஒரு கிலோ விதை ஏழெட்டு நாளில் ஐந்தாறு கிலோ பசுந்தீவனமாகும். மிகுந்த எடை பெரும்பாலும் ஜலமே. உலர்பொருள் விதையில் இருந்ததைவிடச் சற்றுக் குறையும். பசும்புல் கிடையாத காலத்திற்கு இது உதவும். தீவனம் ஆறு மடங்கு பெருகுவதாகக் கணக்கிட்டுச் சாதனம் வாங்குவோர் நஷ்டமடைவர்.

எவருக்கு உகந்தது

நெல், கரும்பு, நிலக்கடலை ஆகியவற்றுக்கு இம்முறையின் செலவு கட்டுப்படியாகாது. கீரை, தக்காளி, மிளகாய், வெள்ளரி போன்றவற்றை நகரத்தை ஒட்டி விற்கக் கூடியவர்க்கும், உவர்நிலமும் நல்ல ஜலமும் உடையவர்க்கும் இது ஏற்றது. நல்ல வயல் உடையவர் அப்பணத்தைத் தொழுவுரத்திலும் வடிகாலிலும் செலவிடுவது மேல். சோதித்துப் பார்க்க விரும்புவோர் முதற்பருவத்தில் ஒரே தொட்டியில் கீரை பயிரிட்டு, உப்பு, ஜலம், ஆட்கூலி, விற்ற விலை ஆகியவற்றைத் தனித்தனியே குறித்து வருக. கிராம அதிகாரிகள், இதற்கெனக் கடன் கோருவோரிடம் ஜலப் பரிசோதனை அறிக்கையையும் இந்தக் கணக்கையும் முதலில் கேட்டறிதல் நன்று.