நகைச்சுவையும் ஒரு படைக்கலமே

தருமபுரியின் பழம்பெயர் தகடூர் என்பதை நீங்கள் அறிவீர்கள். சங்க காலத்தில் அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவர் ஔவையார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலை அவருக்குக் காட்டினான். அதைக் கண்டு அவர் பாடியது புறநானூற்றின் 95-ஆம் பாடல். அதன் கருத்து இது: இங்குள்ள வேல்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்று, காவல் மிக்க மனையில் இருக்கின்றன, எங்கள் மன்னனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து, கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன.

இது புகழ்ச்சியா, இகழ்ச்சியா? அறிவியல் கண்கொண்டு நோக்குவோம். இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜனும் ஈரமும் வேண்டும். நெய்ப் படலம் இவ்விரண்டையும் இரும்பை எளிதில் அணுகவிடாது. ஆகவே நெய் பூசிய வேல் நன்கு பேணப்பட்ட வேல் எனலாம்; போருக்கே போகாத வேல் என்றும் கொள்ளலாம். ஒரே காட்சியிலிருந்து இரண்டு முடிவுகள்! மேலே தெரிவது முதற்பொருள். கேட்பவன் இரண்டாவதைத் தானே கண்டுபிடிக்க வேண்டும். நகை பிறப்பது அந்த இடைவெளியில்தான்.

நகை பிறக்கும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கைக் கூறுகிறார். வெளிப்படையாகப் பழிப்பதைச் செம்பொருள் அங்கதம் என்றும், மறைத்துப் பழிப்பதைப் பழிகரப்பு அங்கதம் என்றும் பிரிக்கிறார். புகழ்வதுபோல் பழிப்பதைப் பிற்காலத்தார் வஞ்சப்புகழ்ச்சி என்றனர்.

இதனால் என்ன பயன்? தூதர் நேரடியாக இகழ்ந்தால் பகை முற்றும். மறைபொருளாகச் சொன்னாலோ சொன்னவருக்குப் பாதுகாப்பு. கேட்ட மன்னனுக்கும் மானம் போகாது. தானே உணர்ந்த உண்மையாதலால் அது மனத்திலும் தங்கும்.

நம் ஊர்களில் மாமன் மச்சான் முறையுள்ளோர் ஒருவரையொருவர் கேலி செய்வர். எவரும் கோபம் கொள்வதில்லை. அதே சொல்லைப் பிறர் சொன்னால் சண்டை மூளும். பல சமூகங்களில் காணப்படும் இத்தகைய கேலி உறவுகளை மானிடவியலாளர் ராட்கிளிஃப் பிரவுன் 1940-இல் ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். உறவில் எழக்கூடிய உரசலைக் கேலி தணிக்கிறது என்பது அவர் விளக்கம்.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். ஔவையார் எள்ளியது படைவலி மிக்க வேந்தனை. எளியவரை, திருப்பிச் சொல்ல இயலாதவரை எள்ளினால் அது நகையன்று, துன்புறுத்தலே. மேலும், நகை எல்லாப் போரையும் தடுத்துவிடாது. பின்னர்ச் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறையிடம் தகடூர் வீழ்ந்தது. கேட்பவன் சிந்திக்க விரும்பினால் மட்டுமே நகை பயன் தரும். வகுப்பிலோ வீட்டிலோ கேலி பேசுமுன், அது யாரைச் சிந்திக்க வைக்கும், யாரை வருத்தும் என்று எண்ணிப் பாருங்கள்.