காப்பியடிப்பார்கள் என்று தெரிந்தே எழுத வேண்டிய செயலி

சென்னையின் அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் தொடங்கியபோது அது தொழிற்பட்டறைகளுக்கான இடம். இன்று அதே சாலைகளில் சாஃப்ட்வேர் கம்பெனிகளும் இருக்கின்றன; ஆவடி, பூந்தமல்லிப் பக்கமோ பொறியியல் கல்லூரிகள் நிறைந்த இடம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் செய்பவர்களும் புதிதாக வேலையில் சேர்ந்து ஜாவா பழகுபவர்களும் புரட்டிப் பார்க்கும் திறமூலச் செயலிகளில் ஒன்று ஸ்பிரிங் பெட்கிளினிக். பெயருக்கு அது ஒரு கால்நடை மருத்துவமனைப் பதிவேடு. நாய், பூனை வளர்ப்பவரின் பெயரைச் சேர்க்கலாம், அந்தப் பிராணி எந்தத் தேதியில் எதற்காக மருத்துவரிடம் வந்தது என்று குறிக்கலாம். ஸ்பிரிங் என்ற ஜாவா கட்டமைப்பில் வலைச் செயலி எப்படி எழுதுவது என்று காட்டுவதற்காகவே எழுதப்பட்ட மாதிரி அது. கிட்ஹப்பில் திறந்து கிடப்பதால் யார் வேண்டுமானாலும் மாற்றம் எழுதி அனுப்பலாம். ஒருவருக்கு லாகின் வேண்டும், இன்னொருவருக்கு ஆங்குலரில் எழுதிய திரைகள், மற்றொருவருக்கு செயலியைச் சிறு சேவைகளாகப் பிரிக்கும் மைக்ரோசர்வீஸ். இவற்றில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? படிப்பவர் வரி மாறாமல் எடுத்துத் தன் வேலையில் ஒட்டினாலும் கெடுதல் வராதது எதுவோ, அது மட்டுமே மாதிரியில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏனென்றால் ஒட்டத்தான் போகிறார்கள்.

இந்த அளவுகோல் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஜாவா உலகிலேயே பழைய சான்று உண்டு. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட 'பெட் ஸ்டோர்' பெரிய நிறுவனச் செயலிகளுக்கான வடிவமைப்பு முறைகளையெல்லாம் காட்ட வந்த மாதிரி. 2001-ல் மைக்ரோசாஃப்ட் அதே கடையைத் தன் டாட்நெட்டில் எழுதி, எங்களுடையதில் வரிகள் மிகக் குறைவு, வேகமோ பல மடங்கு என்று விளம்பரம் செய்தது. பெட் ஸ்டோர் கற்றுக்கொடுக்க எழுதியது, வேகப் போட்டிக்கு எழுதியதல்ல என்று ஜாவா தரப்பு வாதாடியது. அந்த வாதம் நியாயமானதே. ஆனாலும் ஒரு சின்னக் கடைக்கு அத்தனை அடுக்குகள் தேவையா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. காட்ட முடிந்ததையெல்லாம் காட்டப்போய், ஜாவா என்றாலே கனம் என்ற எண்ணத்துக்கு அந்த மாதிரியும் ஒரு காரணமாகிவிட்டது.

பெட்கிளினிக்கைப் பராமரிப்பவர்கள் வேறு வழியில் போனார்கள். ஸ்பிரிங் செயலியை எளிதில் தொடங்க உதவும் ஸ்பிரிங் பூட்டும், பக்கங்களை உருவாக்கும் தைம்லீஃபும் கொண்ட ஒரே வடிவம் மூலக் களஞ்சியத்தில் இருக்கும். கோட்லின், ஆங்குலர், மைக்ரோசர்வீஸ் வடிவங்களுக்கு கிட்ஹப்பில் தனி இடம். பழைய வடிவத்தில் திரைக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவில் ஒரு 'சர்வீஸ்' அடுக்கு இருந்தது. அதில் இருந்த வேலை பெரும்பாலும் ஒரு பக்கம் கேட்டதை மறுபக்கம் கைமாற்றுவதுதான். ஸ்பிரிங் பூட் வடிவத்தில் அந்த அடுக்கே இல்லை. அதே சமயம், மெனுவில் 'எரர்' என்ற இணைப்பு இருக்கிறது. அதைச் சொடுக்கினால் செயலி வேண்டுமென்றே தவறி, பிழைப் பக்கத்தைக் காட்டும். மருத்துவமனைக்கு அதனால் காலணா பயன் இல்லை. ஆனால் பிழை வந்தால் பயனருக்கு என்ன காட்டுவது என்பது ஒவ்வொரு செயலியும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. அந்த இணைப்பை வைத்துக்கொண்டு, வெற்று அடுக்கை நீக்கியதுதான் சரியான தேர்வு.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இவ்வளவு எளிய செயலியைப் படித்துவிட்டு கம்பெனிக்குப் போகிறவர், அங்கே சர்வீஸ் அடுக்கையும் லாகினையும் அனுமதி விதிகளையும் பார்த்துத் திணறமாட்டாரா? திணறுவார்தான். ஆனால் அரைகுறை லாகின் அதைவிட ஆபத்து. லாகினே இல்லை என்றால், இல்லை என்பது படிப்பவர் கண்ணுக்குத் தெரியும். தானே தேடிப்போய்க் கற்பார். கடவுச்சொல்லை அப்படியே சேமிக்கும் லாகின் ஒன்று மாதிரியில் இருந்தால், பாதுகாப்பு முடிந்தது என்று நம்பிவிடுவார். ஜாவா வலைச் செயலிகளை இயக்கும் டாம்கேட் சர்வரின் ஆவணமே, அதோடு வரும் எடுத்துக்காட்டுச் செயலிகளைப் பாதுகாப்பு முக்கியமான இடங்களில் நீக்கிவிடச் சொல்கிறது. மாதிரி என்று எழுதி வைத்தது உண்மையான சர்வர் வரை போய்ச் சேரும் என்பதை டாம்கேட்டை எழுதியவர்கள் அறிவார்கள். உழைத்து அனுப்பியவரின் மனம் புண்படுமே என்று இன்னொரு மறுப்பு. முன்பு சொன்ன தனி இடங்கள் அதற்குத்தான். மேலும், ஒருமுறை சேர்த்த வரி பிறகு நீக்கப்பட்டாலும் பொதுவாக கிட் வரலாற்றில் இருக்கும்.

என் அளவுகோலில் பெட்கிளினிக்கும் ஒரு இடத்தில் தேறவில்லை. அதன் முதல் மாதிரிப் பதிவில் மேடிசன் நகர ஜார்ஜ் ஃபிராங்க்ளினும் அவருடைய பூனை லியோவும் இருக்கிறார்கள். படிவத்தில் முதற்பெயர், கடைசிப்பெயர் இரண்டும் கட்டாயம். தேடுவதும் கடைசிப்பெயரை வைத்துத்தான். நம் ஊரில் பலருக்குக் குடும்பப்பெயர் கிடையாது, இனிஷியல்தான். 'எஸ். கார்த்திக்' அந்தப் படிவத்தை நிரப்பினால் கடைசிப்பெயர்க் கட்டத்தில் 'எஸ்' என்று போட வேண்டியிருக்கும். பிறகு கார்த்திக் என்று தேடினால் அவர் கிடைக்கமாட்டார். இது அமெரிக்கப் பழக்கம், ஸ்பிரிங்கின் நுட்பத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் கட்டாயக் கட்டம் என்று மாதிரியில் இருப்பதால், அந்த மாதிரியைப் பார்த்து எழுதும் நூலகச் செயலிக்கும் மருத்துவமனைச் செயலிக்கும் அது கூடவே வந்துவிடும்.

ஆகவே ஃபைனல் இயர் மாணவர்களுக்கும் அவர்களுக்கு வழிகாட்டும் பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாதிரியை எடுத்ததும் எதைச் சேர்க்கலாம் என்று யோசிக்கும் முன், அதில் இருக்கும் ஒவ்வொரு கட்டத்தையும் அடுக்கையும் ஏன் வைத்திருக்கிறோம் என்று வைவாவில் சொல்ல முடியுமா என்று பாருங்கள். சொல்ல முடியாததை நீக்குங்கள். பெயருக்கு ஒரே ஒரு கட்டம் போதும் என்று தோன்றினால், அந்த மாற்றத்தை உங்கள் ப்ராஜெக்ட்டோடு நிறுத்தாமல் பெட்கிளினிக்குக்கே எழுதி அனுப்புங்கள். திறமூலச் செயலி என்பதால் ஆவடியிலிருந்தும் அனுப்பலாம்.