ஓடுபாதையைச் சுற்றிப் பத்து கிலோமீட்டர்

ஓமலூர்ப் பக்கம் யாராவது கோழிக் கழிவை ரோட்டோரம் கொட்டினால், அது ஊர்ச் சுகாதாரத்தோடு முடிகிற விஷயமல்ல. சில கிலோமீட்டரில், காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம் இருக்கிறது. விமான நிலையத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் பறவைகளை இழுக்கும்படி இறைச்சிக் கழிவோ குப்பையோ போடக் கூடாது என்கிறது 1937-ஆம் ஆண்டு விமான விதிகளின் 91-ஆம் விதி. கழிவைத் தேடி வட்டமிடும் பருந்து எஞ்சினுக்குள் சிக்கினால், தரையிறங்கும் நேரத்தில் விமானிக்கு யோசிக்க நொடிகள்தான் இருக்கும். கோழிப்பண்ணைகள் நிறைந்த சேலம், நாமக்கல் சீமைக்கு இந்த விதி அந்நியமானதல்ல.

இந்த விதிகளை அமல்படுத்தும் பொறுப்பு டெல்லியிலிருந்து இயங்கும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்கு உண்டு. சுருக்கமாக டி.ஜி.சி.ஏ. விமானிக்கும் பராமரிப்புப் பொறியாளருக்கும் உரிமம் தருவது, விமானம் பறக்கத் தகுதியானதா என்று பார்ப்பது, விமான நிலையத்துக்கு அனுமதி வழங்குவது எல்லாம் அதன் வேலை. சேலம் நிலையத்தை நடத்துவது வேறு அமைப்பு, இந்திய விமான நிலைய ஆணையம். விபத்து நடந்தால் காரணம் தேடுவது மூன்றாவது அமைப்பு. 2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்தை விசாரிப்பது விமான விபத்து விசாரணைப் பணியகம்தான். இப்படிப் பிரித்து வைத்தது நியாயமே. கண்காணிப்பில் ஓட்டை இருந்ததா என்பதையும் விசாரணை கேட்க வேண்டுமல்லவா?

ஒரு காலத்தில் சென்னையிலிருந்து சேலத்துக்குப் பறந்த கிங்ஃபிஷர் நிறுவனத்தின் கதை இங்கே பொருந்தும். சம்பளம் வராமல் பொறியாளர்கள் 2012-இல் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். விமானத்தைப் பரிசோதித்துக் கையெழுத்துப் போட ஆளில்லை. அந்த அக்டோபரில் டி.ஜி.சி.ஏ. அதன் உரிமத்தை நிறுத்திவைத்தது. பணமுடை எப்படிப் பாதுகாப்புச் சிக்கலாக மாறும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சம்பவம் குறைவு.

காவல்காரரையும் உலகம் கவனிக்கிறது. போதிய ஆய்வாளர்கள் இல்லாதது உள்ளிட்ட குறைகளைச் சொல்லி, அமெரிக்க விமானத்துறை 2014 ஜனவரியில் இந்தியாவின் பாதுகாப்புத் தரநிலையைக் குறைத்தது. கூடுதல் ஆய்வாளர்களை நியமித்த பிறகு, 2015 ஏப்ரலில்தான் பழைய நிலை திரும்பியது. ஆனாலும் 2025-இல் நாடாளுமன்றக் குழு பார்த்தபோது, டி.ஜி.சி.ஏ.வின் பணியிடங்களில் கிட்டத்தட்டப் பாதி காலியாகக் கிடந்தன. சேலம் போன்ற சிறு ஊர்களுக்கு விமானம் விடும் உடான் திட்டம் விரிந்துகொண்டே போகிறது. அந்த ஓடுபாதைகளுக்கெல்லாம் நேரில் வந்து பார்க்க ஆள் வேண்டும்.