கடை வியாபாரியும் மாரத்தான் ஓட்டமும்

"காலை முதல் இரவு வரை வியாபாரத்தின் பின்னால் ஓடிக்கொண்டுதானே இருக்கிறோம், இதற்கு மேல் தனியாக வேறு ஓட வேண்டுமா?" என்று நம் வணிக நண்பர்கள் பலரும் வேடிக்கையாகக் கேட்பதுண்டு. சொல்லப்போனால், நாம் யாரும் ஓடுவதில்லை. நிற்கிறோம், அல்லது உட்கார்ந்திருக்கிறோம். காலை ஆறு மணிக்குக் கடை திறந்து இரவு பத்தரைக்குப் பூட்டுகிற வரை பத்தடி நீளக் கல்லாவுக்குள்ளேயே நம் உலகம் அடங்கிவிடுகிறது. மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு, இரவுச் சாப்பாடு பதினொன்றுக்கு, நடுவில் ஐந்தாறு டீ, வடை. நம்மில் பெரும்பாலோர் கதை இதுதான்.

கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழக அரசு 2021-ல் சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. தேவையான சட்டம். ஆனால் முதலாளியின் உடம்பைப் பார்த்துக்கொள்ள எந்தச் சட்டமும் வராது. அதை அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. அதன்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கும் சற்று மேல். மேற்குத் தாம்பரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் அடியேனும் 2021 முதல் அந்தக் கணக்கில் ஒருவன். அப்போது வயது 47. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 7.9 என்று வந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், "தினமும் நடங்கள்" என்றார். நடந்தேன். நடை ஓட்டமாயிற்று, ஓட்டம் ஒரு நாள் மாரத்தானில் கொண்டு போய் நிறுத்தியது. அந்த அனுபவம் நம்மவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

மாரத்தான் என்றால் எவ்வளவு தூரம்?

1896-ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில்தான் மாரத்தான் போட்டியாக வந்தது. அதில் வென்றவர் ஸ்பிரிடான் லூயிஸ் என்ற கிரேக்கர். அவர் பெரிய பயிற்சி பெற்றவர் அல்ல. ஊரிலிருந்து ஏதென்ஸுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கும் தொழில் செய்தவர். நம்மைப் போல் உழைத்துப் பிழைத்தவர்! சுமார் 40 கி.மீ. தூரத்தை 2 மணி 58 நிமிடம் 50 வினாடியில் கடந்தார். பிறகு 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய 42.195 கி.மீ. என்ற தூரமே 1921-ல் நிரந்தரமாக்கப்பட்டது.

நம் பகுதிக்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், சென்னை பீச் ஸ்டேஷனிலிருந்து மின்சார ரயில் ஏறித் தாம்பரம் வந்தால் ஏறக்குறைய 30 கி.மீ. அங்கே இறங்காமல் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம் தாண்டிக் கூடுவாஞ்சேரி அருகே போனால்தான் ஒரு முழு மாரத்தான் முடியும். ரயிலில் போனாலே அலுத்துப்போகிற தூரம்.

தென்சென்னையில் இதற்கு ஒரு நல்ல முன்னுதாரணம் உண்டு. 2006 முதல் 2011 வரை சென்னை மேயராகவும், 2021-ல் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சராகவும் பொறுப்பேற்ற திரு. மா. சுப்பிரமணியன் அவர்கள் நெடுநாளாகச் சர்க்கரை நோய் உள்ளவர். 2004-ல் சாலை விபத்தில் முழங்காலில் கடுமையாக அடிபட்டவர். அவர் ஐம்பது வயதுக்கு மேல் ஓடத் தொடங்கி, நூற்றுக்கும் அதிகமான அரை மாரத்தான்களை முடித்திருக்கிறார். கட்சி எதுவானாலும், இதைப் பாராட்டத்தான் வேண்டும்.

பயிற்சி என்னும் தவணைக் கணக்கு

முழு மாரத்தானுக்கு ஒரே நாளில் யாரும் தயாராகிவிட முடியாது. ஏற்கெனவே பத்துக் கி.மீ. ஓடுகிறவருக்கே ஐந்து மாதம் வேண்டும். 2024 ஜனவரியில் நடக்கவிருந்த சென்னை மாரத்தானுக்காக 2023 ஜூலைக் கடைசியில் பயிற்சி தொடங்கினேன்.

வாரத்தில் நான்கு நாள் ஓட்டம். செவ்வாயும் வியாழனும் ஆறு முதல் எட்டுக் கி.மீ. வெள்ளிக்கிழமை மேடேறிப் பழகுவது. நம் புறநகர், பல்லாவரம் மலைப் பக்கம் தவிர, பெரும்பாலும் சமதரை. ஆகவே மேம்பாலங்கள்தான் நமக்கு மலை. ஞாயிற்றுக்கிழமை நெடுந்தூர ஓட்டம். அது முதல் வாரம் 10 கி.மீ., பிறகு 12, 14 என்று ஏறி, டிசம்பரில் 32 கி.மீ. வரை போகும். மூன்று வாரம் ஏற்றினால் நான்காவது வாரம் குறைக்க வேண்டும். போட்டிக்கு முந்தைய மூன்று வாரமும் படிப்படியாக இறக்கிக்கொண்டே வர வேண்டும். ஓடும்போது உடம்பு தேய்கிறது. ஓய்வில்தான் வலுப்பெறுகிறது என்கிறார்கள் பயிற்சியாளர்கள்.

வேகமும் முக்கியமல்ல. பக்கத்தில் ஓடுகிறவரோடு மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகமே சரியான வேகம். ஐந்து மணி நேரத்தில் மாரத்தானை முடிக்க, ஒரு கி.மீட்டருக்கு ஏழு நிமிடத்துக்குச் சற்று அதிகமாக எடுத்துக்கொண்டால் போதும்.

ஓடும் பாதைக்குப் பஞ்சமில்லை. சேலையூர் கேம்ப் ரோடு வழியாக அகரம்தென் பக்கம் ஒரு நாள், முடிச்சூர் சாலை ஒரு நாள், நன்மங்கலம் காப்புக்காட்டை ஒட்டி ஒரு நாள். ஜி.எஸ்.டி. சாலையில் லாரிகளும் வெளியூர்ப் பேருந்துகளும் இரவெல்லாம் பறக்கும்; அங்கே ஓடக் கூடாது. மற்ற சாலைகளிலும் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலது ஓரமாக, வெளிச்சம் பட்டால் மின்னுகிற சட்டையோடு ஓட வேண்டும். தெருநாய்கள் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி, நிதானமாக நடந்து கடப்பதே வழி. நாயோடு ஓடி ஜெயித்தவர் யாருமில்லை!

ஒரு நாள் அதிகாலை மூன்றேகால் மணிக்குக் கோயம்பேட்டுக்குக் காய்கறி எடுக்கக் கிளம்பிய நண்பர் ஒருவர், லோடு வண்டியை ஓரம்கட்டி, "என்ன அண்ணாச்சி, கடன்காரன் துரத்துறானா?" என்றார். "இல்லப்பா, சர்க்கரை துரத்துது" என்றேன். சிரித்தார். ஒரு நிமிடம் கழித்து, "எனக்கும் இருக்கு அண்ணாச்சி, வீட்ல சொல்லல" என்றார்.

சனி இரவு யார் கல்லாவில்?

உண்மையான சிக்கல் கால்களில் இல்லை, கடையில்தான் இருந்தது. முப்பது கி.மீ. ஓட எனக்கு நாலு மணி நேரம் பிடிக்கும். ஞாயிறு காலை வெயில் ஏறுமுன் முடிக்க மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும். அதற்குச் சனி இரவு எட்டரைக்காவது கடையை விட்டு இறங்க வேண்டும். சனி இரவும் ஞாயிறு காலையும் மளிகைக் கடைக்கு எப்படிப்பட்ட நேரம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதிலும் மாத முதல் வாரம் என்றால் கேட்கவே வேண்டாம். இருபத்திரண்டு வருடமாக அந்த நேரத்தில் நான் கல்லாவை விட்டு எழுந்ததில்லை.

வீட்டில் பேசினோம். சனி இரவுக் கல்லாவை என் மனைவி எடுத்துக்கொண்டார். ஞாயிறு காலை கடை திறக்கும் பொறுப்பைப் பதினோரு வருடமாக எங்களிடம் வேலை செய்யும் பையனிடம் சாவியோடு கொடுத்தோம். 'பையன்' என்கிறேனே தவிர, அவருக்கே முப்பது வயது ஆகிவிட்டது.

மூன்று மாதம் கழித்து நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். சனி, ஞாயிறு வியாபாரம் குறையவில்லை. கடன் வசூல் மட்டும் சற்றுக் கூடியிருந்தது. நான் தயங்கிக் கேட்காமல் விட்ட பாக்கிகளை என் மனைவி நேராகக் கேட்டு வாங்கியிருக்கிறார்! நான் இல்லாவிட்டால் கடை நடக்காது என்ற எண்ணம் நம்மில் பலருக்கும் உண்டு. அந்த எண்ணத்தால்தான் காய்ச்சலோடு கடைக்கு வருகிறோம். நெஞ்சு வலியையும் வாயு என்று சொல்லித் தள்ளிப்போடுகிறோம். கடைக்கு இரண்டாவது ஆளைத் தயார் செய்வது, நமக்கு ஏதேனும் ஆனால் குடும்பம் நடுத்தெருவில் நிற்காமல் இருப்பதற்கான முதல் காப்பீடு.

முப்பதாவது கி.மீட்டரில் இருப்பு தீரும்

மாரத்தானின் கடினம் எங்கே இருக்கிறது என்பதைச் சரக்குக் கணக்காகவே சொல்லலாம். எழுபது கிலோ எடையுள்ளவர் ஒரு கி.மீ. ஓடச் சுமார் 70 கலோரி செலவாகும். 42 கி.மீட்டருக்கு மூவாயிரத்தை நெருங்கும். ஆனால் தசையிலும் ஈரலிலும் மாவுச்சத்தாகச் சேர்த்துவைத்த இருப்பு ஏறக்குறைய இரண்டாயிரம் கலோரிதான். எனவே முப்பது கி.மீ. வாக்கில் குடோன் காலியாகிவிடுகிறது. கால் கல்லாகும், தலை சுற்றும். நம் ரயில் கணக்கில், தாம்பரம் வந்ததும் வண்டி நின்றுவிடுகிறது. கூடுவாஞ்சேரிக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

உடம்பில் கொழுப்பு நிறையவே உண்டு. ஆனால் அது வங்கியில் போட்ட நிரந்தர வைப்பு மாதிரி. அவசரத்துக்குச் சட்டென்று எடுக்க வராது. நிதானமான நெடுந்தூர ஓட்டங்கள்தான் அதை எடுத்துச் செலவழிக்க உடம்பைப் பழக்குகின்றன. அதோடு, ஓடும்போதே கொஞ்சம் கொஞ்சமாகச் சரக்கு ஏற்ற வேண்டும். நம் கடை அலமாரியில் இருப்பதே போதும்: பேரீச்சம்பழம், கல்கண்டு, வாழைப்பழம், உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைத் தண்ணீர்.

சென்னைப் புழுக்கத்தில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை வியர்வை போகலாம். அதற்காக வெறும் தண்ணீரை வயிறு முட்டக் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் உப்புக் குறைந்து மயக்கம் வரும், உயிருக்கே கேடாகலாம். சர்க்கரைக்கு மாத்திரை, ஊசி எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் ஓடினால் சர்க்கரை திடீரென இறங்கும். பையில் எப்போதும் கல்கண்டுப் பொட்டலம் இருக்க வேண்டும். ஓடி முடித்ததும் பாதத்தில் புண், கொப்புளம் இருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும்.

மிக்ஜாம் வந்த ஞாயிறு

ஜனவரி மாரத்தானுக்குப் பயிற்சி உச்சத்துக்கு வருவது வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான். 2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை, 32 கி.மீ. ஓடுவதாக இருந்தேன். அன்றுதான் மிக்ஜாம் புயல் மழை பிடித்தது. 2015 வெள்ளத்தைப் பார்த்தவர்கள் அல்லவா நாம்? ஓட்டத்தை மறந்து, கடைக்குள் தரையிலிருந்த அரிசி, பருப்பு மூட்டைகளையெல்லாம் மேல்தட்டுக்கு ஏற்றினோம். இரவு வரை நாற்பது மூட்டைக்கு மேல். மறுநாள் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் வெள்ளக்காடு. பெருங்களத்தூர் அருகே முதலை ஒன்று சாலையைக் கடந்த படத்தை ஊரே பார்த்தது.

எங்கள் கடைக்குள்ளும் முழங்காலளவு தண்ணீர் வந்தது. நனைந்து வீணானது கொஞ்சம் சரக்குதான். இரண்டு வருடத்துக்கு முன் நாலு மூட்டை தூக்கினாலே மூச்சு வாங்கிய ஆள் நான். அன்று கடைசி மூட்டை வரை நின்று தூக்க முடிந்தது. பயிற்சியின் பலன் போட்டிக்கு முன்பே கைக்கு வந்துவிட்டதாக அன்று தோன்றியது. விட்டுப்போன 32 கி.மீட்டரை அடுத்த ஞாயிறு ஓடினேன்.

போட்டி நாள்

2024 ஜனவரி 6, சனிக்கிழமை. விடியுமுன்னே நேப்பியர் பாலம் அருகே ஆயிரக்கணக்கானோர். கடற்கரைச் சாலைக் காற்றில் முதல் பத்துக் கி.மீ. தெரியவே இல்லை. இருபதைத் தாண்டியபோது வெளிச்சம் வந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வெயில் ஏற, முப்பதாவது கி.மீட்டரில் சொல்லி வைத்தாற்போல் கால் கனத்தது. அதன் பிறகு பத்து நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று தவணை போட்டேன். சாலையோரம் நின்று தண்ணீரும் ஆரஞ்சுச் சுளையும் கொடுத்த முகம் தெரியாத பிள்ளைகளை மறக்க முடியாது. 5 மணி 20 நிமிடத்தில் முடித்தேன். முதலில் வந்தவர் வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டிருப்பார்! இருந்தாலும் முடித்தவர் எல்லோருக்கும் பதக்கம் ஒன்றுதான்.

சர்க்கரை பறந்துவிடவில்லை. மூன்று மாதச் சராசரி 6.6-க்கு இறங்கியது, மாத்திரையை டாக்டர் பாதியாகக் குறைத்தார். நிறுத்தவில்லை. ஓட்டம் மருந்துக்கு மாற்று அல்ல, மருந்துக்குத் துணை.

நண்பர்களுக்குச் சில யோசனைகள்

எல்லோரும் மாரத்தான் ஓட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் எல்லோரும் இவற்றைச் செய்யலாம்:

நாற்பது வயதைக் கடந்தவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைப் பார்த்து இருதயப் பரிசோதனை செய்துகொண்ட பிறகே ஓடத் தொடங்க வேண்டும். ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும்.

முதல் இரண்டு மாதம் நடை மட்டுமே. கடை திறக்குமுன் அரை மணி நேரம். பிறகு இரண்டு நிமிடம் ஓட்டம், மூன்று நிமிடம் நடை.

நல்ல காலணிக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம். ஆனால் அறுநூறு, எழுநூறு கி.மீ. ஓடியதும் மாற்றிவிட வேண்டும்.

வாரத்தில் ஒரு வேளையாவது கல்லாவை இன்னொருவரிடம் கொடுத்துப் பழக வேண்டும்.

கோயம்பேட்டுக்குப் போகும் அந்த நண்பர் இப்போது வீட்டில் சொல்லிவிட்டார், மருந்தும் எடுத்துக்கொள்கிறார். ஞாயிறு காலை கேம்ப் ரோடு முனையிலிருந்து நாங்கள் நான்கு வியாபாரிகள் நடக்கிறோம், முடிந்த அளவு ஓடுகிறோம். அந்தப் பக்கம் வருகிறவர்கள் சேர்ந்துகொள்ளலாம். நேரம், விடிகாலை ஐந்து மணி. ஆறரைக்குள் அவரவர் கடைக்குத் திரும்பிவிடலாம்.