வழி சொல்லும் கருவியும் காதில் மாட்டும் கருவியும்

மண்டி மொஹல்லாவிலும் அதனையடுத்த தெருக்களிலும் குடியிருக்கும் நம்மவருள் லாரித் தொழிலை நம்பி அடுப்பெரிக்கும் குடும்பங்கள் உள. பண்டிபாளையச் சந்தையில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு உதகைக்கும் கோவைக்கும் ஈரோட்டுக்கும் வண்டி புறப்பட்டால், அது திரும்பும்வரை வீட்டாரின் ஒரு கண் கடிகாரத்தின்மேலேயே இருக்கும். இப்பொழுது அவ்வண்டிகளில் இரண்டு புதிய துணைகள் ஏறியுள்ளன. ஒன்று வழி சொல்லும் கருவி. மற்றொன்று கைபேசியைத் தொடாமலே பேச உதவும் ஹெட்செட். இவற்றை எவ்வாறு தேர்ந்து வாங்குவது என்று கேட்கும் அன்பர்களுக்காக, நாம் விசாரித்து அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஓர் உண்மையை மனத்திற்கொள்ள வேண்டும். கைபேசியில் நாம் காணும் வரைபடம் காருக்கும் இருசக்கர வண்டிக்கும் ஏற்பச் செய்யப்பட்டது. நம் வண்டிக்கு எத்தனை சக்கரம், பாரம் எவ்வளவு, தார்ப்பாய் கட்டியபின் உயரம் என்ன என்று அது கேட்பதில்லை; கேட்காததை அறிவதுமில்லை. சமவெளியில் இக்குறை பெரிதாகத் தோன்றாது. மைசூரிலிருந்து தெற்கே போகும் வழிகளோ காட்டையும் மலையையும் கடப்பவை.

பந்திப்பூர்க் காட்டுவழியை எடுத்துக்கொள்வோம். வனவிலங்குகளின் பாதுகாப்பைக் கருதி 2009-ஆம் ஆண்டு முதல் அங்கே இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை உள்ளது. குண்டலுப்பேட்டையில் தேநீர் அருந்திப் பத்து நிமிடம் தாமதித்தவர், வரைபடம் எத்தனை அழகாக வழி காட்டினும், சோதனைச்சாவடியில் விடியும்வரை நிற்க வேண்டியதுதான். திம்பம் மலைப்பாதையின் நிலை இன்னும் கடினம். சாமராஜநகர் வழியாக ஆசனூரைக் கடந்து பண்ணாரிக்கு இறங்கும் அந்த 27 கொண்டை ஊசி வளைவுகளில், சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி 2022 பிப்ரவரி முதல் சரக்கு வண்டிகள் மாலை 6 மணிக்குமேல் காலை 6 மணி வரை செல்லலாகாது. 12 சக்கரமும் அதற்கு மேலும் உடைய வண்டிகளுக்குப் பகலிலும் அவ்வழி மூடப்பட்டது. அவை ஓசூர், சேலம் என்று சுற்றிப் போவதே முறை. இச்சுற்றுக்கு ஆகும் டீசலைக் கணக்கிட்டு வாடகை பேசாதவர் நட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவருவார்.

இவற்றினும் கொடியது குறுக்குவழி. தெப்பக்காட்டிலிருந்து உதகைக்குச் செல்ல, கூடலூரைச் சுற்றாமல் மசினகுடி, கல்லட்டி வழியே ஏறுவது தொலைவில் மிகக் குறைவு. ஆகையால் கருவி அதையே காட்டக்கூடும். 36 வளைவுகள் கொண்ட அச்செங்குத்துச் சாலை கனரக வண்டிகளுக்கு உரியதன்று. கருவி தூரத்தை எண்ணுகிறது. ஏற்றத்தையும் பிரேக்கின் சூட்டையும் எண்ணுவது ஓட்டுநரின் வேலை. 2024 ஜனவரியில், வரைபடத்தை நம்பி வந்த கார் ஒன்று கூடலூரில் படிக்கட்டில் இறங்கி நின்ற செய்தியை அன்பர்கள் படித்திருப்பர். அதே ஆண்டு நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, முற்றுப்பெறாத பாலத்திலிருந்து கார் ஆற்றில் வீழ்ந்து மூவர் மாண்டனர். அவர்களும் இத்தகைய வழிகாட்டியை நம்பிச் சென்றதாகவே செய்தி வந்தது.

அப்படியாயின் கருவியே வேண்டாமா? அவ்வாறு நாம் சொல்லவில்லை. அறியாத ஊரில் நள்ளிரவில் கிடங்கு தேடும் ஓட்டுநருக்கு அது பேருதவி. அயல்நாடுகளில் கார்மின் போன்ற நிறுவனங்கள் லாரிக்கென்றே தனிக் கருவி விற்கின்றன. அவற்றில் வண்டியின் உயரம், நீளம், எடை ஆகியவற்றைப் பதிந்துவிட்டால் தாழ்ந்த பாலங்களையும் தடைசெய்த சாலைகளையும் விலக்கி வழி சொல்லும். இங்கே கடைக்காரர் "லாரிக்கு உகந்தது" என்று எதையேனும் நீட்டினால், அதில் எடையும் உயரமும் பதிய இடமுண்டா, அதன் வரைபடம் இந்தியச் சாலைகளை உடையதா என்று கேளுங்கள். இல்லையெனில் அது பெரிய திரையுடைய கார்க் கருவியே. அதற்குக் கொடுக்கும் பணத்தில் நல்ல கைபேசியே வாங்கலாம்.

கைபேசியைப் பயன்படுத்துவோர் புறப்படுமுன் வீட்டிலேயே அவ்வழியின் வரைபடத்தை இறக்கிச் சேமித்துக்கொள்ள வேண்டும். காட்டினுள் சிக்னல் இராது. செயற்கைக்கோள்கள் நாம் நிற்கும் இடத்தை அங்கும் சொல்லும். படம் மட்டும் முன்னரே உள்ளே இருக்க வேண்டும். குரலைத் தமிழில் வைத்துக்கொண்டால் திரையைப் பார்க்கும் தேவை குறையும். திரையைக் கண்ணாடியின் நடுவே ஒட்டாமல், பார்வையை மறைக்காதபடி டாஷ்போர்டில் தாழ்வாகத் திருகிப் பொருத்துக. கோடை வெயிலில் கைபேசி சூடேறித் தானே அணைந்துவிடுவதுண்டு, நிழல் படுமிடம் பாருங்கள். இன்னொன்று, பலர் கவனியாதது: பெரிய லாரிகளின் மின்சாரம் 24 வோல்ட், கார்களுக்கும் சிறிய சரக்கு வண்டிகளுக்கும் 12 வோல்ட். காருக்குரிய மலிவான சார்ஜரை லாரியில் செருகினால் அது கருகும், கைபேசியையும் கெடுக்கக்கூடும். "12–24 வோல்ட்" என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்தே வாங்குக.

இனி ஹெட்செட். இரு காதையும் அடைக்கும் கருவி ஓட்டுநருக்கு ஆகாது. மலைப்பாதையில் ஹாரன்தான் மொழி. பின்பக்கம் பார்த்துச் சொல்லும் கிளீனரின் குரலும், டயரின் மாறுபட்ட ஓசையும் காதில் விழ வேண்டும். ஒரு காதில் மட்டும் அமர்ந்து, வாயருகே நீளும் மைக் உடைய வகையே ஏற்றது. இன்ஜின் இரைச்சலை வடிகட்டும் ஆற்றல் அந்த மைக்குக்கு உண்டா என்பதைக் கடையின் அமைதியில் சோதித்துப் பயனில்லை. வண்டியில் இன்ஜினை ஓடவிட்டு, மறுமுனையில் ஒருவரைப் பேசவைத்துச் சோதிக்க வேண்டும். பொத்தான் பெரிதாக, பாராமலே விரலுக்குத் தட்டுப்படுவதாக இருத்தல் நலம். எட்டு மணி நேரம் காதில் கிடப்பதாகையால் எடையையும் பாருங்கள்.

ஆனால் கை விடுதலை பெற்றால் மனமும் விடுதலை பெறுமா? கனடாவின் டொரொன்டோ நகரில் 699 ஓட்டுநரை ஆராய்ந்து 1997-இல் வெளியிட்ட முடிவு, தொலைபேசியில் பேசும்பொழுது விபத்து வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது என்றும், கையால் தொடாமல் பேசும் கருவியால் அதிகப் பாதுகாப்பு இல்லை என்றும் கூறியது. அமெரிக்க லாரிகளில் கேமரா பொருத்தி 2009-இல் வெளிவந்த வர்ஜினியா டெக் ஆய்வு வேறு கண்டது: கருவிவழிப் பேச்சைவிட, கண்ணைச் சாலையிலிருந்து எடுப்பதே பெருங்கேடு, செய்தி எழுதுவோருக்கு ஆபத்து 23 மடங்கு. மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கும். இவ்விரு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்து நாம் கொள்ளும் கருத்து: சமவெளியில் சுருக்கமான பேச்சு, மலையிலும் காட்டிலும் எப்பேச்சும் இல்லை.

சட்டமும் அறியத்தக்கது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, கைபேசியைக் கையிற் பிடித்து ஓட்டுவது ஆபத்தான ஓட்டுதல்; முதற் குற்றத்துக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதம் முதல் ஓராண்டுவரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும். வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் கெடாத வகையில் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபர் முதல் விதி இடங்கொடுத்தது.

வீட்டிலுள்ள சகோதரிகளுக்கும் இதில் பங்குண்டு. ஓட்டுநரின் காதில் ஹெட்செட் இருக்கிறதென்பதால் எந்நேரமும் கூப்பிடலாம் என்றாகாது. பள்ளிக் கட்டணம், உறவினர் சச்சரவு ஆகியவற்றைத் திம்பத்தின் வளைவில் கேட்கும் மனிதர் மறுமொழியும் சொல்வார், ஸ்டியரிங்கையும் திருப்புவார். எதை முழு மனத்தோடு செய்வார்? நஞ்சன்கூடு, ஆசனூர், பண்ணாரி என்று நிற்குமிடங்களை முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு, அவரே அழைக்கும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளலாம். புக்கிங் ஆபீசுக்கும் இதையே சொல்லிவையுங்கள், "எங்கே வந்துகொண்டிருக்கிறாய்?" என்ற கேள்வி அங்கிருந்துதான் அடிக்கடி வருகிறது.