புலியின் எல்லையை வகுக்கும் இரை

இந்தியாவில் 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சராசரியாக 3,682 புலிகள் இருப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. 2006இல் இந்த எண் 1,411 மட்டுமே. இடைப்பட்ட காலத்தில் கணக்கெடுக்கப்பட்ட பரப்பும் விரிந்திருப்பதால், இந்த வேறுபாடு முழுவதையும் புலிகளின் பெருக்கமாகக் கொள்ள இயலாது என்றாலும், வளர்ச்சி உண்மையானதே. ஆனால், ஒரு காடு எத்தனை புலிகளைத் தாங்கும் என்பதை இறுதியில் முடிவுசெய்பவை அங்கு மேயும் கடமான், புள்ளிமான், காட்டுமாடு போன்ற குளம்புள்ள விலங்குகளே.

வளர்ந்த புலி ஒன்றுக்கு வாரத்துக்கு ஏறத்தாழ ஒரு மான் வீதம் ஆண்டுக்கு ஐம்பது இரைகள் தேவைப்படுகின்றன. இரைக்கூட்டத்தில் ஆண்டுதோறும் பத்தில் ஒரு பங்கு மட்டும் புலிக்குப் போனால்தான் அக்கூட்டம் குன்றாது என்பதால், ஒரு புலிக்குப் பின்னால் சுமார் 500 விலங்குகள் இருந்தாக வேண்டும். இரை மலிந்த கர்நாடகத்தின் நாகரஹொளேயில் ஒரு பெண்புலிக்கு ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர் போதுமானதாக இருக்க, இரை அரிதான ரஷ்யாவின் சிகோட்டே அலின் மலைக்காட்டில் அதுவே 400 சதுர கிலோமீட்டர் வரை விரிவதற்கு இதுவே காரணம்.

இந்த எல்லை, பெரும்பாலும் சண்டையால் அன்றி, மணத்தால் காக்கப்படுகிறது. புலி வாலை உயர்த்தி, சுரப்பிநீர் கலந்த சிறுநீரை மரத்தண்டின் மீது பின்புறமாகப் பீய்ச்சுகிறது; சாய்ந்த மரமாக இருந்தால், மழை கழுவிவிடாத அதன் அடிப்பக்கத்தைத் தேர்ந்துகொள்கிறது. அவ்வழியே வரும் மற்றொரு புலி, மேலுதட்டைச் சுருக்கி வாய் திறந்து அந்த மணத்தை உள்வாங்கி, விட்டுச்சென்றது ஆணா பெண்ணா, இணைசேரும் பருவத்தில் உள்ளதா என்பதை அறிந்துகொள்கிறது. சில வாரங்களில் மணம் மங்கிவிடுவதால், எல்லைக்கு உரிய புலி ஓயாமல் சுற்றிவந்து அதைப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது.

ஆண்புலியின் எல்லை பெண்புலிகள் பலவற்றின் எல்லைகளைத் தன்னுள் அடக்கியிருக்கும்; அது வீழ்ந்து வேறோர் ஆண் அவ்விடத்தைப் பிடித்தால், முந்தையதன் குட்டிகள் பெரும்பாலும் கொல்லப்படுகின்றன. தப்பி வளரும் குட்டிகள் இரண்டு வயதளவில் தாயைப் பிரியும்போது, மகள்கள் தாயின் எல்லையை ஒட்டியே இடம் தேட, மகன்கள் நெடுந்தொலைவு அலைகின்றன. ஊருக்குள் புகுந்ததாகச் செய்திகளில் வரும் புலி பல நேரங்களில் இவ்வாறு இடம் கிடைக்காத இளைய ஆணாகவோ, இடம் பறிக்கப்பட்ட முதிய புலியாகவோ இருப்பதை மறந்து, அதை இயல்பிலேயே கொடியதாகச் சித்திரிப்பது பொருந்தாது.

முதுமலை, பந்திப்பூர், நாகரஹொளே, வயநாடு, சத்தியமங்கலம் ஆகிய காடுகள் ஒன்றோடொன்று தொடர்ந்து கிடப்பதால், நீலகிரியைச் சூழ்ந்த பகுதியில் இத்தகைய இளம்புலிகளுக்கு வழி இருக்கிறது. அவ்வழிகளைச் சாலைகள் குறுக்கிடுவதால்தான் பந்திப்பூரிலும் திம்பம் மலைப்பாதையிலும் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டுள்ளது. வழி திறந்திருந்தாலும் சென்று சேரும் இடத்தில் இரை வேண்டும். அங்கேயோ, அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடி புல்வெளிகளை மூடி மானின் மேய்ச்சலைச் சுருக்கிவருகிறது. வெட்டினால் வேரடியிலிருந்து மீண்டும் துளிர்ப்பதாலும், கனியுண்ணும் பறவைகள் விதைகளைப் பரப்புவதாலும், இதனை வேரோடு அகற்றிய பின்னரும் அதே நிலத்தில் பல ஆண்டுகள் தொடர்ந்து களையெடுத்து, உள்ளூர்ப் புல்வகைகளை நிலைபெறச் செய்ய வேண்டியிருக்கிறது.